சுத்தபோசனப் பிரியாணி

"இது கறிதான் கஸ்பாரு," என்றார் தெரசம்மாள்.

"இல்லீங்க்கா. செடி."

"செடிக்கு எங்கேர்ந்து நாரு வந்துச்சு?"

"செடிக்குத்தானுங்க்கா நாரே இருக்கும்."

தெரசம்மாள் இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்திருந்த துண்டை, நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பதுபோல, டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்பா கசியுதே?"

"பீட்ரூட்டுங்க."

"பளபளன்னு கொழுப்பு?"

"தேங்காயெண்ணெய்."

துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் கையைச் சோற்றில் வைத்தபடியே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தறிப்பட்டறைச் சத்தம்கூட அவர் மெல்லும் வேகத்துக்கு ஒத்துப்போவது போலிருந்தது. கடைசியில் கண்ணைத் திறந்தார்.

"கறிதான். ஆனாலும் அவசரப்பட்டு ஒருத்தர் மேல பழி போடக் கூடாது. இன்னொரு பிளேட் வை. நல்லாப் பரிசோதிச்சுட்டு ஃபாதர்கிட்டச் சொல்றேன்."

கஸ்பார் இன்னொரு பிளேட் வைத்தார்.

சேலம் அம்மாபேட்டையில் பங்குக் கோயிலுக்கு நேர் எதிரே கடை வைத்திருப்பதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வருடம் முழுக்க ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் நேரே கஸ்பார் பிரியாணிக் கடைக்குள் நுழையும். தவக்காலம் வந்தால் அதே கூட்டம் கடையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். சாம்பல் புதனில் நெற்றியில் சாம்பல் பூசியதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் இந்தப் பங்கில் பலருக்கும் சுத்தபோசனம். கறி வாசனையே ஆகாது. போன வருடம் கஸ்பார் தவக்காலம் முழுக்க எலுமிச்சம் சாதம் போட்டுப் பார்த்தார். இரண்டு பேர் சாப்பிட்டார்கள். அதில் ஒருவர் கஸ்பார்.

இந்த வருடம்தான் அக்கா மகன் மார்ட்டின் பெங்களூரிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கினான். அவன் வேலை பார்க்கும் கம்பெனி சோயாவிலும் பட்டாணியிலும் ஆட்டுக்கறி செய்கிறது.

"மாமா, இன்னும் கொஞ்ச வருஷம். உலகத்துல யாரும் ஆட்ட வெட்ட மாட்டாங்க. கறி இருக்கும், ஆடு இருக்காது."

"ஆடு எங்கடா போகும்?"

"அது பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு இருக்கும்."

கஸ்பார் கண்முன்னே சேர்வராயன் மலையிலிருந்து கொல்லிமலை வரைக்கும், யாரும் கேட்பாரில்லாமல், நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகள் தெரிந்தன. கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் அந்தச் செடிக்கறியை மசாலாவில் போட்டுத் தம் வைத்து முதல் துண்டை வாயில் வைத்ததும் அவரையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். தவக்காலத்தில் பாவம் செய்துவிட்டது போலவே இருந்தது.

பிளேட் ஓரத்தில் இருந்த அவித்த முட்டையைச் சுட்டி மார்ட்டின் சொன்னான்: "அடுத்தது இதுதான் மாமா. கோழியே இல்லாம முட்டை."

"அதை நாமக்கல்லு பக்கம் போய்ச் சொல்லிராத. உன்ன அவிச்சிருவாங்க."

கடை வாசலில் பலகை வைத்தார்கள்: 'சுத்தபோசனப் பிரியாணி. செடிக்கறி. பாவம் இல்லை.'

முதல் இரண்டு நாள் ஓரளவு கூட்டம். அதன் பிறகு, இது என்னவோ நிஜக் கறி மாதிரியே இருக்கிறது என்று எவரோ சொல்லப்போய், கூட்டம் நெருக்கித் தள்ளியது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் கடைசி ஸ்தலமான பதினான்காவதில் முழந்தாள்படியிட்டு எழுந்தவர்கள், பதினைந்தாவது ஸ்தலம் ஒன்று இருப்பதுபோல, வரிசை கலையாமல் கஸ்பார் கடைக்கு நடந்து வந்தார்கள்.

அதெல்லாம் மகிழ்ச்சிதான். கஸ்பார் கவலைப்பட்டது வியாபாரத்துக்காக அல்ல. அவர் பாதங்களுக்காக.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, மண்டியிட்டுப் பாதம் கழுவுவார். வேட்டி கட்டத் தெரியாத வயதிலிருந்து கஸ்பார் அதைப் பார்த்து வருகிறார். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அவர் தம்பி உட்கார்ந்துவிட்டான். தம்பியின் மைத்துனன் உட்கார்ந்துவிட்டான். கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஒருவர், அன்றைக்கு ஓர் ஆள் குறைந்ததென்று, பெயிண்ட் காலோடு உட்கார்ந்துவிட்டார். கஸ்பார் மட்டும் உட்காரவில்லை. இந்த வருடம் தவக்காலத்து முதல் ஞாயிறு பூசையில் ஃபாதர் வாசித்த பெயர்களில் பன்னிரண்டாவதாக அவர் பெயர் வந்தது.

"பன்னெண்டாவது யூதாசுங்க," என்றாள் மனைவி அக்சிலியா.

"வரிசைக்கெல்லாம் அப்படிக் கணக்குக் கிடையாது."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடை முன்னால் வாளியில் வெந்நீர் வைத்துக் காலை நனைத்து, மெழுகும் தேங்காயெண்ணெயும் காய்ச்சித் தடவிக்கொண்டிருந்தார். விறகடுப்புக்குப் பக்கத்தில் பல காலம் நின்ற கால்கள். குதிகால் வெடிப்பில் எட்டணாக் காசு சொருகலாம். மெல்ல மெல்ல அது இளகி, குழந்தைக் கன்னம்போல ஆகிக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில்தான் தெரசம்மாள் கறி என்கிறார்.

தெரசம்மாள் மாதா சபைத் தலைவி. அதோடு, பன்னிரண்டில் யாருக்காவது முடியாமல் போனால் உட்கார வேண்டிய பதின்மூன்றாவது ஆளான சூசையின் மனைவி. இந்த இரண்டாவது விஷயம்தான் கஸ்பாரின் தூக்கத்தைக் கெடுத்தது.

மறுநாளே ஃபாதர் கூப்பிட்டனுப்பினார்.

கோயிலை ஒட்டிய சாமியார் பங்களாவில் ஃபாதர் மேசைமுன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தவக்காலம் முழுக்க அவருக்குக் கஞ்சியும் துவையலும்தான் என்பது பங்குக்கே தெரியும். பக்கத்தில் கோயில்பிள்ளை ஆண்ட்ரூஸ் நின்றிருந்தார். மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, ஃபாதருக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு.

"கஸ்பார், அது கறியா?"

"இல்லீங்க ஃபாதர். மாதா மேல சத்தியமா செடி."

"செடின்னு சொல்லித்தானே குடுக்கறீங்க?"

"ஆமாங்க."

"அப்பக் கவலை இல்லை. செடின்னு நீங்க சொன்னதைக் கேட்டுச் சாப்பிடறவங்களுக்குப் பாவம் கிடையாது. ஒருவேளை கறியாவே இருந்தாலும் அந்தப் பாவம் உங்க ஒருத்தரோட போயிரும்."

கஸ்பார் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் போற பாவம்னா, பெரிய வியாழன்..."

"பங்குப் பேரவை அதுக்கு முந்தின குருத்து ஞாயித்துக்கெழமை அதைப் பேசும். அதுவரைக்கும் நீங்க பேசாம வியாபாரத்தைப் பாருங்க."

"நான் நிரூபிச்சிர்றேனுங்க ஃபாதர்."

ஃபாதர் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். "நிரூபிக்க வேண்டாம் கஸ்பார். சில விஷயத்தை நிரூபிக்காம விடறதும் ஒரு தவம்தான்."

எவ்வளவு பெரிய மனது என்று நினைத்துக்கொண்டே கஸ்பார் வெளியே வந்தார். தன் நேர்மையைச் சோதிக்கிறார் என்றும் தோன்றியது. பின்னாலேயே ஆண்ட்ரூஸ் ஓடி வந்தார்.

"அண்ணா, ரெண்டு பார்சல் கட்டுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு பங்களாவுக்கு விருந்தாளி வந்திருக்காங்க, அவங்களுக்கு."

"நேத்தும் விருந்தாளி வந்திருந்தாங்களே?"

"தவக்காலத்துல யாராச்சும் வந்துக்கிட்டேதாங்கண்ணா இருக்காங்க."

கஸ்பார் அன்றே நிரூபிக்கும் வேலையைத் தொடங்கினார்.

முதலில், செடிக்கறி வந்த காலி உறைகளை எல்லாம் கழுவிக் காயவைத்து, நூலில் கோத்துக் கடை வாசலில் மாலையாகக் கட்டினார். எவர் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அக்சிலியா தள்ளி நின்று பார்த்தாள்.

"ஏங்க, கவர்ல ஆடு படம் போட்டிருக்கு."

கஸ்பார் அப்போதுதான் கவனித்தார். 'ஆட்டுத்தோழன்' என்ற பெயருக்குக் கீழே ஓர் ஆடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சிரித்தது. ஒன்றல்ல, மாலை முழுக்க ஆடுகள். காற்றில் எல்லாம் சேர்ந்து தலையாட்டின. மார்ட்டினுக்கு போன் போட்டார்.

"ஏண்டா, கறி இல்லாத கறிக்கு எதுக்குடா ஆட்டுப்படம்?"

"அது வெட்டுப்படாத ஆடு மாமா. அதான் சிரிக்குது."

"இங்க எல்லாரும் வெட்டுப்பட்ட ஆடுன்னுதான் நெனைக்கறாங்க."

"வெட்டுப்பட்டா எப்படி மாமா சிரிக்கும்?"

தெரசம்மாள் ஓர் உறையைக் கழற்றி ஃபாதரிடம் கொண்டுபோனார். அன்று மாலை கூட்டம் தெருமுனை வரைக்கும் நின்றது. கெங்கவல்லியிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள்கூட ஆட்டு மாலை கட்டிய கடை எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். தனக்குக் கெட்ட பெயர் பரவுகிறது, வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று கஸ்பார் நொந்துகொண்டார்.

"கூட்டம் வருது, நல்லாத் திங்கறாங்க. எதுக்கு இப்ப நிரூபிக்கணும்?" என்றாள் அக்சிலியா.

"உனக்குப் பாதத்தோட அருமை தெரியாது."

அடுத்து அவருக்கு அங்கமுத்துவின் நினைவு வந்தது. வெண்ணந்தூர் அங்கமுத்து, கஸ்பார் கடைக்கு எப்போதும் ஆட்டுக்கறி கொடுப்பவர். ஒரு துண்டை வாயில் போட்டாலே ஆடா குட்டியா, வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் ஊருக்கு முன்னால் 'இது கறி இல்லை' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் பேச முடியும்?

தவக்காலத்தில் வியாபாரம் இல்லாமல் கடுகடுப்பில் இருந்த அங்கமுத்துவைக் கெஞ்சி அழைத்து வந்து, கடை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தெரசம்மாளும் வந்து எதிரே உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு பிளேட் வைக்க வேண்டியதாயிற்று.

அங்கமுத்து ஒரு துண்டை எடுத்தார். முகர்ந்தார். மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார். அவர் முகம் மெல்ல மாறியது. பல வருடம் முன்பு தொலைந்துபோன ஆட்டைச் சந்தையில் வேறு யாரோ பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்போல ஆனார்.

"சொல்லுங்க அங்கமுத்தண்ணா," என்றார் கஸ்பார்.

"வெள்ளாட்டுக்குட்டி," என்றார் அங்கமுத்து. "தொடைக்கறி. பல்லுப் போடல."

கடையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "எடப்பாடிப் பக்கம் மேஞ்சதுங்க," என்று அவர் ஒரு கூடுதல் தகவலும் கொடுத்தார். "வேலிக்காத்தான் காய் தின்ன குட்டி."

கஸ்பார் அவரைக் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏனுங்ணா இப்படிப் பண்ணீங்க?"

"நான் என்ன சாமி பண்றது," என்றார் அங்கமுத்து தாழ்ந்த குரலில். "நெசமாலுமே தெரியலீங். கறியாட்டந்தான் இருக்குது. அப்படியே தெரிஞ்சாலும், இது கறி இல்லைன்னு ஊருக்கு முன்னால நானே சொன்னா, ஆடு இல்லாமயே கறி ஆகும்னு நானே ஒத்துக்கிட்டாப்புல ஆயிரும். அப்பறம் எம்பட பட்டியில நிக்கற ஆடுகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அதுக்கு எடப்பாடி எதுக்கு?"

"ஒரு ஊரைச் சொன்னாத்தான நம்புவாங்க."

அன்றைக்குப் பிரியாணி மதியத்துக்குள் தீர்ந்துபோனது. 'எடப்பாடிக் குட்டி ரெண்டு பிளேட்' என்று கேட்டே வாங்கினார்கள். கேட்கும்போது கஸ்பார் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். "செடிதாங்க" என்று அவர் ஒவ்வொரு பிளேட்டுக்கும் சொன்னார். "ஆமாமா, செடிதான், நீங்களே சொல்லீட்டீங்கல்ல" என்று எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் இருந்த கேலி அவர் நெஞ்சைத் தைத்தது.

பேசாமல் ருசியைக் குறைத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. மார்ட்டினைக் கூப்பிட்டார்.

"உங்க கம்பெனியில கொஞ்சம் மட்டமான சரக்கு இருக்குமாடா? தின்னா சோயான்னு தெரியற மாதிரி?"

"அதெல்லாம் நாங்க பழைய காலத்துலயே விட்டுட்டோம் மாமா. இப்பப் புதுசா ஒண்ணு வந்திருக்கு. உங்க கடையில எலும்பு இல்லன்னு யாராச்சும் குறை சொன்னாங்களா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

"நாளைக்கு அனுப்பறேன் பாருங்க."

கஸ்பார் அவன் சொன்னதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அப்போது வாளியில் கால் நனைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பெட்டி வந்தது. காலை அவசரத்தில் அக்சிலியா அப்படியே அண்டாவில் கொட்டித் தம் போட்டுவிட்டாள். முதல் பந்தியில் ஒருவர் எதையோ எடுத்து 'உர்ர்' என்று உறிஞ்சிய சத்தம் கேட்டுக் கஸ்பார் திரும்பினார்.

நல்லி எலும்பு. உள்ளே மஜ்ஜை.

"டேய் மார்ட்டின்," என்று போனில் கஸ்பார் அழாத குறையாகச் சொன்னார், "எலும்பு இருக்குதுடா."

"ஆமா மாமா. உங்க சேலத்து ஜவ்வரிசி மாவுல செஞ்சது. மரவள்ளிக் கிழங்குதான். உள்ளூர் விவசாயிக்கும் ஆதரவு குடுத்த மாதிரி ஆச்சு."

"நான் எப்படிடா இதை நம்ப வைப்பேன்?"

"கடிச்சுப் பாக்கச் சொல்லுங்க மாமா. ரொம்ப நல்லா இருக்கும்."

தெரசம்மாள் அன்று மூன்று எலும்புகளை உறிஞ்சிச் சுத்தம் செய்து, நான்காவதைக் கைக்குட்டையில் சுற்றிச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஃபாதர் மேசையில், ஜெபப்புத்தகத்துக்கும் கஞ்சிக் கிண்ணத்துக்கும் நடுவில், அந்த எலும்பு இருந்தது. ஃபாதர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபாதர், இது மரவள்ளிக் கிழங்குங்க," என்றார் கஸ்பார்.

"சரி கஸ்பார்."

"நீங்க நம்பலீங்க."

"நான் எதையுமே சொல்லலையே."

"பூசை முடிஞ்சதும் கோயில் மைதானத்துலயே அடுப்புப் போடறேனுங்க. எல்லார் கண்ணு முன்னாலயும் கவரைக் கிழிச்சுச் சமைச்சுக் காட்டறேன். குருத்து ஞாயித்துக்கெழமையே முடிவு தெரிஞ்சிரட்டும்."

"ஈஸ்டர் கழிச்சு வச்சுக்கலாமே."

"ஈஸ்டர் கழிச்சுப் பாதம் கழுவ முடியாதுங்களே ஃபாதர்."

ஆண்ட்ரூஸ் மெல்லக் கேட்டார்: "ஏங்கண்ணா, பேரவையில நாலு பேரைப் பார்த்துப் பேசி உங்க பேரை அப்படியே விட்டிரச் சொல்றேன். சமையல் எல்லாம் எதுக்கு?"

"சந்தேகத்தோட கழுவற பாதம் எனக்கு வேண்டாம் ஆண்ட்ரூசு," என்றார் கஸ்பார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் கையில் குருத்தோலையோடு மொத்தப் பங்கும் மைதானத்தில் கூடியது. அங்கமுத்துவும் வந்திருந்தார். கஸ்பார் வெள்ளை வேட்டி கட்டி, உறையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக் கிழித்து, துண்டுகளையும் எலும்புகளையும் அண்டாவில் போட்டார். அரை மணி நேரத்தில் மைதானமே மணத்தது. மணம் பரவப் பரவச் சந்தேகமும் பரவியது.

"கவர்ல கறியை அடைச்சுக் கொண்டுவந்திருக்கலாம்," என்றார் சூசை.

"கறி வாசம்தான்," என்றார் இன்னொருவர்.

"எடப்பாடிக் குட்டி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கஸ்பார் சுற்றிலும் பார்த்தார். தாம் சொல்வதை எந்த முகமும் நம்பவில்லை. அப்போதுதான் பங்களாத் தூணில் கட்டிக் கிடந்த டைகர் கண்ணில் பட்டது. கோயில் நாய். கறி விஷயத்தில் அதைத் தெரியாதவர் கிடையாது. போன திருவிழாப் பந்தியில், ஜெபம் சொல்லக் கண்ணை மூடிய வெளியூர்ச் சாமியார் ஒருவர், கண்ணைத் திறந்தபோது இலையில் சோறு மட்டும்தான் இருந்தது. டைகருக்கு யார்மேலும் பிரியமும் கிடையாது, பயமும் கிடையாது. அது பொய் சொல்லாது.

"நாய் சொல்லட்டுங்க," என்றார் கஸ்பார்.

"நாயெல்லாம் வேண்டாம்," என்று ஃபாதர் ஓர் அடி முன்னால் வந்தார். "பாவம், கட்டியே இருக்கட்டும். ஆண்ட்ரூஸ், அந்தக் கயித்தைப் பிடிச்சுக்க."

ஆண்ட்ரூஸ் ஓடினார். ஆனால் பதமாகிப் பஞ்சுபோலிருந்த தன் பாதங்களில் அன்று கஸ்பார் பறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூஸ் போய்ச் சேருவதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

டைகர் பாய்ந்து வந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. அண்டாவிலிருந்து இரண்டு துண்டும் ஒரு நல்லி எலும்பும் எடுத்துக் கஸ்பார் இலையில் வைத்தார். நாய் துண்டுகளை முகர்ந்தது. எலும்பைப் புரட்டியது. நிமிர்ந்து கஸ்பாரை ஒரு பார்வை பார்த்தது. பணம் வாங்கிக்கொண்டு வெறும் பெட்டியைக் கொடுத்த வியாபாரியைப் பார்ப்பதுபோல. பிறகு ஒரு தும்மல் போட்டுவிட்டு, திரும்பித் தூணடிக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் கஸ்பார். "பாத்தீங்களா எல்லாரும்? செடிங்க. எலும்பு கூட மரவள்ளிங்க."

முதலில் வாய் திறந்தவர் அங்கமுத்துதான். அவர் முகத்தில் பட்டியில் ஆடு இரட்டைக்குட்டி போட்ட சந்தோஷம். "நாயி சொல்லிப்போடுச்சுங். நான் ஏமாந்தது ஏமாந்ததுதான். ஆனா நாயி ஏமாறாத வரைக்கும் எம்பட பொழப்புக்கு ஒண்ணும் கொறைவில்ல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெண்ணந்தூர் பஸ் பிடிக்கப் போனார்.

"உங்க இடம் உறுதி கஸ்பார்," என்றார் ஃபாதர். ஏனோ குரல் கம்மியிருந்தது.

தெரசம்மாள் பக்கத்தில் வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று கஸ்பார் நிமிர்ந்து நின்றார்.

"அப்ப நிஜமாவே செடியாப்பா?" என்று கேட்டார் அவர், சாவு வீட்டில் கேட்கிற குரலில்.

"நிஜமாவேங்க்கா. சாப்பிட்டுப் போங்க. இன்னைக்கு எல்லாருக்கும் நம்ம செலவு."

"வயிறு ஒரு மாதிரியா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பார்த்தால் அன்றைக்கு எல்லாருக்கும் வயிறு ஒரு மாதிரியாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் குருத்தோலையை ஆட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அண்டா அப்படியே நின்றது.

திங்கட்கிழமை கடைக்கு யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார், வழி கேட்டார். புதன்கிழமை ஆண்ட்ரூஸ் கடையைத் தாண்டிப் போனார்.

"ஆண்ட்ரூசு, பார்சல் வேண்டாமா? விருந்தாளி?"

"ஊருக்குப் போயிட்டாங்கண்ணா."

அக்சிலியா ஆட்டு மாலையை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். "நிரூபிச்சாச்சு. இனி என்ன, எலுமிச்சம் சாதமா?" என்று மட்டும் கேட்டாள். கஸ்பாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கறி என்று பழி சொன்னபோதெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வந்த சனம், கறி இல்லை என்று தெரிந்த பிறகு ஏன் வரவில்லை? இவ்வளவு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்படுகிறார்கள் போலிருக்கிறது. அவருக்கு அவர்கள்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. ஈஸ்டர் கழிந்தால் வெட்கம் தெளிந்துவிடும்.

பெரிய வியாழன் மாலை. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். கடைசி நாற்காலியில் கஸ்பார் வேட்டியை முழங்கால்வரை மடித்து, வலது பாதத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். விளக்கொளியில் அது பளிங்குபோல மின்னியது. முன்வரிசையில் தெரசம்மாள் அந்தப் பாதத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்சிலியா பெருமையாகத்தான் பார்த்தாள். பாடகர் குழு பாடியது.

ஃபாதர் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, ஆண்ட்ரூஸ் செம்பிலிருந்து ஊற்ற, பாதம் கழுவி, துண்டால் துடைத்து, முத்தமிட்டு நகர்ந்து வந்தார். ஒன்பதாவது. பத்தாவது. கஸ்பார் வேட்டியை இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றினார். பதினொன்றாவது.

ஃபாதர் அவர் முன்னால் மண்டியிட்டார். குளிர்ந்த தண்ணீர் பாதத்தில் விழுந்தது. ஒரு வாழ்நாள் ஆசை கட்டைவிரல் வழியே உடம்பில் ஏறியதுபோல இருந்தது. கஸ்பாரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து வேட்டியில் விழுந்தது.

ஃபாதர் துண்டால் மெல்லத் துடைத்தார். முத்தமிடக் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிரவில்லை. பாடலுக்குக் கீழே, கஸ்பாருக்கு மட்டும் கேட்கும்படி, பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவத்தை ஒப்புக்கொள்கிறவரின் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கறின்னு நம்பித்தானே கஸ்பார், நானும் தெரசம்மாவும் இந்தப் பங்கு மொத்தமும் இத்தனை நாளா நிம்மதியாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். ஈஸ்டர் வரைக்குமாவது அந்த நாயைக் கட்டியே வச்சிருக்கக் கூடாதா?"